கடிகாரத்தை முதலில் பாருங்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மாறும் விதிகள், புதியவர்களுக்காக

மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து இறங்கும் நம் மாணவர்கள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அந்தக் காட்சியைப் பார்த்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையில் ஊர் முழுக்க ஒரே நிறச் சட்டை. தேர்த் திருவிழாவுக்குப் போவது போலக் குடும்பம் குடும்பமாக எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள். கூடவே போய் அரங்கில் உட்கார்ந்தால், அரை மணி நேரத்துக்குள் கேள்விகள் குவிந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார். சிக்கல் என்னவென்றால், அவர் சொல்கிற விதிகளில் ஒன்றிரண்டு சில ஆண்டுகளுக்கு முன்பே மாறியிருக்கும். முப்பது ஆண்டுகளாகப் பார்ப்பவர்களுக்கும் இது நேர்கிறது. ஏனென்றால், இந்த ஆட்டத்தில் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஏதாவது ஒரு விதி மாறுகிறது.

புதிதாக வரும் மாணவர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது என் வழக்கம். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பிறகு சொல்லலாம் என்பது எனக்குப் பிடிபட்டது. விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். பெரிய மாற்றங்கள் பலவற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு சனிக்கிழமை ஏதோ ஒரு மைதானத்தில் நடந்த சம்பவம் இருக்கிறது. சம்பவத்தைப் பிடித்துக்கொண்டால் விதி மறக்காது. 2025 சீசன் வரை நடைமுறைக்கு வந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதலில் மாறாதவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள்

அணிக்கு 11 பேர். மைதானம் 100 கஜம், இரு முனையிலும் 10 கஜத்துக்கு எண்ட் ஜோன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒரு முயற்சிக்கு ‘டவுன்’ என்று பெயர். நான்கு டவுன்களுக்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு டவுன்கள் கிடைக்கும். அதைத்தான் ‘ஃபர்ஸ்ட் டவுன்’ என்று அரங்கமே கத்துகிறது. பந்தை எதிரணியின் எண்ட் ஜோனுக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 6 புள்ளி, கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பும் ஃபீல்டு கோலுக்கு 3. டச்டவுன் அடித்த பிறகு உதைத்தால் கூடுதலாக 1 புள்ளி. உதைக்காமல் 3 கஜத்திலிருந்து ஓடியோ எறிந்தோ எண்ட் ஜோனுக்குள் கொண்டுபோனால் 2.

என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இரண்டு வேறுபாடுகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆட்டத்தில் பாஸைப் பிடிப்பவரின் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் போதும், இரண்டு கால்களும் பட வேண்டியதில்லை. பந்தோடு ஓடுபவரை யாரும் தொடாவிட்டாலும், தடுக்கி முழங்கால் தரையில் பட்டாலே அந்த டவுன் அங்கேயே முடிந்தது.

மாறாதவை என்று நான் சொன்ன இவையும் ஒரு காலத்தில் புதியவைதான். 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதிய முதல் ஆட்டத்தில் அணிக்கு 25 பேர். ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. 1880இல் 11 பேர் என்று ஆனது. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் முன்வைத்த யோசனைப்படி 1882இல் மூன்று டவுனில் 5 கஜம் என்ற விதி வந்தது. பந்தை முன்னோக்கி எறிவது அப்போது தடை. எல்லோரும் கூட்டமாகச் சேர்ந்து முட்டித் தள்ளியே முன்னேற வேண்டும். எலும்புகள் முறிந்தன, உயிர்களும் போயின. 1905இல் சாவுகள் பெருகியபோது, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே முன்னோக்கிப் பாஸ் எறிவது சட்டப்படி செல்லுபடியானது. இன்று நாம் எழுந்து நின்று கைதட்டும் 50 கஜப் பாஸ்கள் எல்லாம், இளைஞர்கள் மைதானத்தில் சாகக் கூடாது என்று செய்த மாற்றத்தின் பிள்ளைகள். அந்தக் கொந்தளிப்பில் பிறந்த கல்லூரி விளையாட்டு அமைப்புதான் 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்ற பெயரில் இந்த விதிகளை எழுதுகிறது. நான்காவது டவுனும் டச்டவுனுக்கு 6 புள்ளியும் 1912இல் வந்தன.

அடுத்து, கடிகாரம்

புதியவர்கள் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி, “அண்ணா, கடிகாரம் எப்போது நிற்கும், எப்போது ஓடும்?” என்பதுதான். அண்மைக் காலத்தில் மிகப் பெரிய மாற்றம் வந்ததும் இங்கேதான். ஆகவே அதிக நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

அரங்கில் இரண்டு கடிகாரங்கள் இருக்கும். பெரியது ஆட்ட நேரம். 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள். சிறியது அடுத்த டவுனைத் தொடங்குவதற்கான கெடு. முந்தைய டவுன் முடிந்த நொடியிலிருந்து 40 விநாடி எண்ணத் தொடங்கும். இந்த 40 விநாடி முறை 2008இல் வந்தது. கெடு தாண்டினால் 5 கஜம் தண்டனை.

இப்போது ஒரு காட்சி. இரண்டாம் கால்பகுதி, இன்னும் 6 நிமிடம் 20 விநாடி இருக்கிறது. ஓட்ட வீரர் 12 கஜம் ஓடி, எல்லைக்குள்ளேயே வீழ்த்தப்படுகிறார். ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்துவிட்டது. மைதான ஓரத்தில் இரண்டு ஆரஞ்சு நிறக் கம்பங்களைச் சங்கிலியால் இணைத்துப் பிடித்திருப்பவர்கள் புதிய இடத்துக்கு ஓடுகிறார்கள். 2022 வரை, அவர்கள் கம்பத்தை ஊன்றி நடுவர் சைகை காட்டும் வரை கடிகாரம் நின்றது. 2023 முதல் நிற்பதில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் நீண்டுகொண்டே போகிறது, டவுன்களின் எண்ணிக்கை கூடக்கூட மோதல்களும் கூடுகின்றன என்பதால் செய்த மாற்றம் இது.

ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் பழைய வழக்கம் உயிரோடு இருக்கிறது. அப்போது ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தால் கடிகாரம் நிற்கும். பின்தங்கியிருக்கும் அணி மீண்டு வர ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதற்காக விட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் டைம் அவுட் வாய்ப்புகள் தீர்ந்துபோன அணி ஒன்று 80 விநாடியில் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதைப் பார்ப்பதுதான் கல்லூரி ஆட்டத்தின் உயிர்.

பாஸ் யாரிடமும் சிக்காமல் தரையில் விழுந்தால் எப்போதுமே கடிகாரம் நிற்கும். அடுத்த டவுனைத் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுக்கும்போது, அதாவது பந்து அசையும்போதுதான் மீண்டும் ஓடும். ஓடுபவர் எல்லைக்கு வெளியே போனாலும் நிற்கும். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கடைசி இரண்டு நிமிடம் தவிர மற்ற நேரங்களில், பந்தைக் கீழே வைத்து நடுவர் சைகை காட்டியதுமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கடைசி இரண்டு நிமிடத்தில், பந்து அசையும் வரை நிற்கும். கடைசிக் கட்டத்தில் பந்து பிடித்தவர்கள் கோட்டுக்கு வெளியே பாய்ந்து ஓடுவதன் காரணம் இதுதான்.

அந்த ‘கடைசி இரண்டு நிமிடம்’ எப்போது தொடங்குகிறது என்று இப்போது யாரும் தேட வேண்டியதில்லை. 2024 முதல், இரண்டாம், நான்காம் கால்பகுதிகளில் 2 நிமிடம் மீதி இருக்கும்போது ஆட்டம் தானாகவே நிறுத்தப்படுகிறது. இரு அணிகளின் டைம் அவுட் கணக்கிலும் இது சேராது. தொலைக்காட்சிக்கு விளம்பர இடைவேளை. உங்களுக்கோ, இனிமேல் கடிகார விதிகள் வேறு என்பதற்கான அறிவிப்பு.

ஒரு பயிற்சி சொல்கிறேன். வீட்டில் பார்க்கும்போது பத்து நிமிடம் ஒலியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு டவுன் முடிந்ததும், திரையைப் பார்ப்பதற்கு முன்பே கடிகாரம் நிற்குமா ஓடுமா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு சரிபாருங்கள். இரண்டு சனிக்கிழமை இப்படிச் செய்தவர்கள் மறுபடி என்னிடம் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை.

பன்னிரண்டாவது ஆளின் கதை

2024 அக்டோபர் 12, ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரம். ஒரிகன் அணி ஓஹையோ ஸ்டேட் அணியை விட ஒரே ஒரு புள்ளி முன்னே, 32-31. மீதி 10 விநாடி. ஓஹையோ ஸ்டேட் இன்னும் கொஞ்சம் முன்னேறினால் ஃபீல்டு கோல் உதைத்து வென்றுவிடலாம். அந்த நேரத்தில் ஒரிகன் தடுப்பு அணியில் 11 பேருக்குப் பதில் 12 பேர் நின்றார்கள். ஓர் ஆள் கூடுதலாக இருந்ததால் பாஸ் எறிய இடமே இல்லை, பந்து வீணானது. மஞ்சள் கொடி விழுந்தது, 5 கஜம் தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குள் 4 விநாடி கரைந்துவிட்டது. மீதி 6 விநாடி. அடுத்த டவுனோடு நேரம் முடிந்து ஒரிகன் வென்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் 5 கஜத்தை விட 4 விநாடி விலை கூடியது. தவறு செய்தவனுக்கே லாபம். அது முன்பே பயிற்சி செய்து வைத்திருந்த உத்தி என்பதை ஒரிகன் பயிற்சியாளர் டான் லானிங் பிறகு கோடிகாட்டினார். விதிப்படி அவர் செய்ததில் பிழை இல்லை, பிழை விதியில் இருந்தது. சில நாட்களிலேயே என்.சி.ஏ.ஏ. விளக்கம் வெளியிட்டது, 2025இல் அது விதியாகவே ஆனது. 2 நிமிடம் மீதி இருக்கும்போது வரும் இடைவேளைக்குப் பிறகு, தடுக்கும் அணியில் 12 பேரோ அதற்கு மேலோ நின்று எல்லோரும் ஆட்டத்தில் பங்கெடுத்தால் 5 கஜம் தண்டனை உண்டு. எதிரணி விரும்பினால், கரைந்த விநாடிகளையும் கடிகாரத்தில் திருப்பி வைப்பார்கள். கூடுதல் ஆள் வெளியே ஓடிக்கொண்டிருந்து, ஆட்டத்தில் எந்தப் பாதிப்பும் செய்யவில்லை என்றால் 5 கஜம் மட்டும்.

இதே வகையில் இன்னொரு சம்பவம். 2021 டிசம்பர் 4 அன்று, ஏ.சி.சி. பிரிவின் இறுதி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் அணியில் பாஸ் எறியும் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட் பந்தோடு ஓடினார். கால்களை முன்னே நீட்டிச் சறுக்கப் போவது போல உடலைத் தாழ்த்தினார். சறுக்குபவரை மோதக் கூடாது என்பது விதி. ஆகவே தடுப்பாளர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். அவரோ சறுக்காமல் ஓட்டத்தைத் தொடர்ந்து 58 கஜம் போய் டச்டவுன் அடித்தார். ஒரு வீரரைக் காப்பதற்காக இருந்த விதி பொறியாக மாறிவிட்டது. அடுத்த முறை தடுப்பாளன் நம்பாமல் மோதியே தீருவான், அப்போது உண்மையாகவே சறுக்குபவனின் கழுத்து முறியும். ஒரு வாரத்துக்குள் உத்தரவு வந்தது. சறுக்குவது போல நடித்தால், நடித்த இடத்திலேயே அந்த டவுன் முடிந்ததாக நடுவர் விசில் ஊத வேண்டும்.

டார்கெட்டிங்

அரங்கம் திடீரென்று மௌனமாகி, இரு தரப்பு ரசிகர்களும் ஒரே நேரத்தில் கோபப்படும் தருணம் ஒன்று ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்காவது வரும். ஹெல்மெட்டின் உச்சியை ஆயுதமாக்கி எதிராளியை முட்டுவதும், தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவரின் தலையிலோ கழுத்திலோ பலமாக மோதுவதும் டார்கெட்டிங். 15 கஜம் தண்டனை, கூடவே அந்த வீரர் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றம். முதல் பாதியில் செய்தால் அந்த ஆட்டத்தோடு போகும். 2025 சீசன் விதிப்படி, இரண்டாம் பாதியில் செய்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் உட்கார வேண்டும்.

வெளியேற்றம் 2013இல் வந்தது. அந்த முதல் ஆண்டில் ஓர் அநியாயம் இருந்தது. ரீப்ளே பார்த்து, அது டார்கெட்டிங் அல்ல என்று முடிவு செய்தால் வீரர் தப்பிப்பார், ஆனால் 15 கஜம் திரும்ப வராது. செய்யாத குற்றத்துக்கு அணி அபராதம் கட்டியது. 2014இல் அதைத் திருத்தினார்கள். 2019இல் இன்னொரு படி. கிரிக்கெட்டில் அம்பயர்ஸ் கால் என்று ஒன்று உண்டல்லவா, படத்தில் தெளிவில்லை என்றால் நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். டார்கெட்டிங்கில் அந்த நடுவழி 2019 முதல் கிடையாது. குற்றத்தின் எல்லாக் கூறுகளும் ரீப்ளேயில் உறுதியாக வேண்டும், இல்லையென்றால் வீரர் விடுவிக்கப்படுவார். 2025இல் மற்ற ரீப்ளே அறிவிப்புகளையும் சுருக்கினார்கள். முன்பு முடிவு உறுதியானது, முடிவு நிற்கிறது, முடிவு மாறுகிறது என்று மூன்று வகை இருந்தது. இப்போது செல்லும், மாறும் என்று இரண்டுதான்.

டார்கெட்டிங் நடந்ததா என்று நீங்களே கணிக்க வேண்டுமானால், திரையில் மெதுவாகக் காட்டும்போது அடித்தவரின் முகத்தைப் பாருங்கள். முகம் நிமிர்ந்து எதிராளியைப் பார்த்தபடி மோதினாரா, தலையைக் குனிந்து ஹெல்மெட்டின் உச்சியால் முட்டினாரா? பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். இந்த விதி கடுமையானது என்று சொல்பவர்கள் அதிகம். 19, 20 வயதுப் பிள்ளைகளின் மூளையைப் பற்றிய பேச்சு என்பதால், நான் கடுமையின் பக்கமே நிற்கிறேன்.

சமநிலையில் முடிந்தால்

1995 வரை வழக்கமான ஆட்டங்கள் சமநிலையிலேயே முடியலாம். 1966இல் நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் 10-10 என்று முடித்ததைப் பற்றி அங்கே பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 1996 முதல் ஓவர்டைம். இரு அணிக்கும் எதிரணியின் 25 கஜக் கோட்டிலிருந்து தலா ஒரு வாய்ப்பு. சுற்றின் முடிவில் யார் முன்னே இருக்கிறாரோ அவர் வென்றார்.

2018இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியும் எல்.எஸ்.யு. அணியும் ஏழு ஓவர்டைம் ஆடி 74-72 என்று முடித்தன. பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம், ஆடியவர்களுக்கு வதை. அதன் பிறகு 2019இலும் 2021இலும் விதி இறுகியது. இன்றைய முறை இது: முதல் ஓவர்டைமில் கட்டுப்பாடு இல்லை. இரண்டாவதில் டச்டவுன் அடித்தால் கூடுதல் புள்ளிக்கு உதைக்கக் கூடாது, 2 புள்ளி முயற்சியே செய்ய வேண்டும். மூன்றாவதிலிருந்து 25 கஜக் கோடே கிடையாது. 3 கஜத்திலிருந்து மாறி மாறி ஆளுக்கொரு 2 புள்ளி முயற்சி. கால்பந்தின் பெனால்ட்டி ஷூட் அவுட் போல என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே புரிகிறது.

புதிய விதிக்குச் சோதனை அதே ஆண்டு வந்தது. 2021 அக்டோபர் 23, இல்லினாய் அணியும் பென் ஸ்டேட்டும். நான்கு கால்பகுதி முடிந்தபோது 10-10. முதல் இரண்டு ஓவர்டைமிலும் இரு அணிக்கும் ஃபீல்டு கோல் மட்டுமே, 16-16. மூன்றிலிருந்து ஏழு வரை இரு அணியும் 3 கஜத்தைக் கடக்க முடியாமல் தோற்றுக்கொண்டே இருந்தன. எட்டாவதில் இருவரும் கடந்தார்கள். ஒன்பதாவதில் இல்லினாய் மட்டும் கடந்து 20-18 என்று வென்றது. ஒன்பது ஓவர்டைம் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் கடைசி ஏழு சுற்றுகளில் ஆடியவை மொத்தம் 14 முயற்சிகள்தான். உடல்களைக் காப்பதற்குச் செய்த மாற்றம் வேலை செய்தது.

2025இல் சேர்ந்த துணுக்கு: முதல் இரண்டு ஓவர்டைமில் தலா ஒரு டைம் அவுட், மூன்றாவதிலிருந்து எத்தனை சுற்று போனாலும் மொத்தமே ஒன்று.

சின்னச் சின்ன மாற்றங்கள்

ஹெல்மெட்டின் பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டியவரைக் கண்டால், அவர் காதில் பயிற்சியாளரின் குரல் கேட்கிறது என்று அறிக. மேல்மட்டப் பிரிவில் இது 2024இல் அனுமதிக்கப்பட்டது. 40 விநாடிக் கெடுவில் 15 விநாடி மீதி இருக்கும்போது, அல்லது அதற்கு முன்பே பந்து அசைந்துவிட்டால் அப்போதே, இணைப்பு துண்டிக்கப்படும். என்.எஃப்.எல். ஆட்டத்தில் 1994இலேயே வந்த வசதி இது. எதிரணிகள் உத்தியைச் சொல்லும் சைகைகளைத் திருடியதாக 2023இல் மிச்சிகன் அணியைச் சுற்றி எழுந்த விவகாரத்துக்குப் பிறகுதான் கல்லூரிகள் அவசரப்பட்டன. பக்கவாட்டில் விநோதப் படங்கள் வரைந்த அட்டைகளைத் தூக்கிக் காட்டுவது அந்தப் பழைய சைகை முறையின் மிச்சம்.

ஆட்டத்தைத் தொடங்க உதைக்கும் கிக்காஃபில் வரும் பந்தை, 25 கஜக் கோட்டுக்குள் கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஓடாமல் பிடித்தால், 25இலிருந்து ஆட்டம் தொடங்கும். இது 2018 முதல். 2025 முதல், பந்தை வாங்கும் அணியில் யாராவது கைகளால் ‘டி’ வடிவம் காட்டினால் அந்த அணி ஓடும் உரிமையை இழக்கும். அதே ஆண்டில் வந்த இன்னொன்று, போலிக் காயத்துக்கான மருந்து. எதிரணி வேகமாக முன்னேறும்போது திடீரென்று சுருண்டு விழும் தடுப்பாளர்களைப் பார்த்துப் பார்த்து ரசிகர்கள் சலித்துப் போயிருந்தார்கள். அடுத்த டவுனுக்குப் பந்து வைக்கப்பட்ட பிறகு மருத்துவர் மைதானத்துக்குள் வந்தால், விழுந்தவரின் அணிக்கு ஒரு டைம் அவுட் போகும். மீதி இல்லை என்றால் 5 கஜம்.

ஆண்டுதோறும் எப்படிப் பின்தொடர்வது

விதிக்குழு சீசன் முடிந்த பிறகு, குளிர்காலக் கடைசியில் கூடிப் பரிந்துரைக்கும். மேற்பார்வைக் குழு பொதுவாக ஏப்ரலில் ஒப்புதல் தரும். ஆகஸ்டு கடைசியில் மாற்றம் மைதானத்துக்கு வந்துவிடும். ஆகவே ஏப்ரல் கடைசியில் ஒருமுறை செய்தியைத் தேடுங்கள். படிக்கும்போது இரண்டை மட்டும் குறித்து வையுங்கள்: இது எந்த ஆட்டத்தில் நடந்ததால் வந்தது, கடைசி இரண்டு நிமிடத்தில் இது மாறுமா? முன்மொழிவையும் ஒப்புதலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மார்ச் மாதம் பரபரப்பாகப் பேசப்படும் யோசனை ஏப்ரலில் கைவிடப்படுவதும் உண்டு.

டெக்சாஸில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் தகவல். மற்ற மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்குத் தனி விதிப்புத்தகம் இருக்கிறது. டெக்சாஸின் அரசுப் பள்ளிகளோ சில திருத்தங்களோடு கல்லூரி விதிகளிலேயே ஆடுகின்றன. உங்கள் பிள்ளையின் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்கும் இங்கே படித்ததில் பெரும்பகுதி உதவும்.

ஊரிலிருந்து பார்ப்பவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 9.30க்கு வரும். பிற்பகல் 3.30 ஆட்டம் நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து நண்பகல் ஆட்டத்தை இரவு 10.30க்குத் தேடுங்கள்.